தோற்பவர் கட்டிய ஆட்டம்

அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

1987ஆம் ஆண்டு மார்ச் 29 அன்று, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகருக்கு அருகிலுள்ள பாண்டியாக் என்னும் ஊரின் சில்வர்டோம் அரங்கில் நடந்த மூன்றாவது ரெஸில்மேனியா என்னும் தொழில்முறை மல்யுத்தப் பெருவிழாவின் ஆட்டங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அன்று மொத்தம் 12 ஆட்டங்கள். அதை நடத்திய டபிள்யூ.டபிள்யூ.எஃப். (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.) நிறுவனம் அறிவித்த பார்வையாளர் எண்ணிக்கை 93,173. அது மிகைப்படுத்திய எண் என்றும், உண்மையில் 78,000 அளவில்தான் இருந்திருக்கும் என்றும் மல்யுத்தத்தைப் பற்றித் தொடர்ந்து எழுதிவந்தவர்கள் வாதிட்டிருக்கிறார்கள். எந்த எண்ணை ஏற்றுக்கொண்டாலும், உள்ளிருந்து மல்யுத்த மேடையான ரிங் வரைக்கும் நடந்து வருவதே ஒரு பயணமாகிவிடும் அளவுக்குப் பெரிய இடம் அது. அதனால், ரிங்கைப் போலவே கயிறு கட்டிய சிறிய மோட்டார் வண்டிகளைச் செய்து, வீரர்களை அவற்றில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அந்த வண்டியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதனிடம் மீண்டும் வருவேன்.

என் வயதை ஒத்த பலருக்கும் இந்த வீரர்கள் முதலில் அறிமுகமானது டிரம்ப் கார்டில்தான். உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ் என்று ஒவ்வொரு சீட்டிலும் எண்கள் அச்சிட்டிருக்கும். யாருடைய எண் பெரியதோ அவருக்கே சீட்டு. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அந்தச் சீட்டுகளைப் புரட்டிப் புரட்டி, பலம் என்பது ஓர் எண், வெற்றி என்பது அதில் பெரிய எண் என்று நம்பி வளர்ந்தோம். பல ஆண்டுகள் கழித்து, முழு நிகழ்ச்சியையும் தொடக்கத்திலிருந்து இறுதிவரை பொறுமையாகப் பார்த்தபோதுதான் அந்த நம்பிக்கை எனக்குள் தலைகீழாயிற்று. தொழில்முறை மல்யுத்தத்தில் ஓர் ஆட்டத்தை எடைபோட வேண்டுமானால், வென்றவரை விட்டுவிட்டுத் தோற்றவரைப் பார்க்க வேண்டும் என்பதே என் துணிபு.

முடிவை முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு ஆடுகிற ஆட்டத்தில் மதிப்பிட என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. பதினெட்டாம் போர்க் கூத்தைப் பார்க்க விடிய விடிய உட்கார்ந்திருக்கும் ஊர் மக்களில் எவருக்கும் துரியோதனன் விழப்போவது தெரியாத செய்தி இல்லை. ஆயினும் துரியோதனன் வேஷம் கட்டியவர் சரியாக ஆடாவிட்டால் கூத்து தேறவில்லை என்று அந்த மக்களே முகம் சுளித்துக்கொண்டு வீடு திரும்புவார்கள். விழுகிறவன் எப்படி விழுகிறான் என்பதைப் பார்க்கத்தான் அவர்கள் கண்விழித்தார்கள்.

அப்படி விழுவது எளிய வேலையும் அன்று. ரிங் என்பது இரும்புச் சட்டத்தின் மேல் பலகைகளை அடுக்கி, மெல்லிய பஞ்சு விரிப்பைப் போட்டு, அதன்மேல் கேன்வாஸ் துணியை இழுத்துக் கட்டிய மேடை. அதன்மீது விழுவதை இத்தொழிலில் 'பம்ப்' என்பார்கள். விழுகிறவர் தாடையை நெஞ்சோடு ஒட்டவைத்துப் பின்னந்தலையைக் காத்துக்கொண்டு, மேல்முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் பலகையில் படும்படி, மூச்சை வெளியே விட்டு விழ வேண்டும். சற்றுப் பிசகினால் கழுத்துக்கே ஆபத்து. வாங்கிய அடியின் வலியை உடம்பில் காட்டுவதற்கு 'செல்லிங்' என்று பெயர். அந்த வலியை நாம் நம்பினால்தான் அடித்தவர் பலசாலி ஆகிறார். ஆகவே, ஒருவருடைய பலம் என்று நாம் எதைக் கைதட்டி வரவேற்கிறோமோ, அதை உண்டாக்குகிறவர் எதிரே நிற்பவர்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் அன்றைய சில ஆட்டங்கள் தேறவில்லை. பில்லி ஜாக் ஹேன்ஸும் ஹெர்குலிஸும் பின்னாலிருந்து அக்குள்களுக்குள் கைகளை நுழைத்துக் கழுத்தை அழுத்தும் ஃபுல் நெல்சன் என்ற ஒரே பிடியில் யார் வல்லவர் என்று மோதினார்கள். கேள்வி நல்ல கேள்வி. ஆனால், ரெஃபரி எண்ணி முடிப்பதற்குள் ரிங்குக்குள் திரும்பாமல் இருவருமே அவுட்டானதால் எவரும் தோற்கவில்லை. கேள்வி கேள்வியாகவே நின்றுவிட்டது. பிறகு சங்கிலியால் அடித்து ஹேன்ஸின் நெற்றியில் ரத்தம் வரவைத்தது அந்தக் குறையை நிரப்பவில்லை. கிங் காங் பண்டி கலந்துகொண்ட ஆறு பேர் ஆட்டத்தைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. உருவத்தில் மிகச் சிறியவரும் பல்லாண்டு அனுபவம் கொண்ட மூத்த வீரருமான லிட்டில் பீவரைத் தூக்கிப் போட்டு, அவர்மேல் அந்த மாபெரும் உடம்போடு முழங்கையை இறக்கியபோது, பண்டியின் அணியினரே எதிரணியோடு சேர்ந்துகொண்டு பீவரைக் காப்பாற்ற ஓடி வந்தார்கள். சிரிப்பதற்கென்று அமைத்த ஆட்டத்தில் அந்தக் கட்டம் இன்றும் என்னை உறுத்துகிறது.

தோற்றவர் வென்றவருக்கு முன் மண்டியிட்டு வணங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஹார்லி ரேஸும் ஜங்க்யார்டு டாகும் மோதிய ஆட்டம் நான்கு நிமிடத்துக்குள் முடிந்துபோனது. தோற்ற ஜங்க்யார்டு டாக் வாக்குப்படி வணங்கினார். வணங்கிய கையோடு நாற்காலியால் ரேஸை அடித்து, அவருடைய அரச அங்கியை எடுத்துத் தானே போர்த்திக்கொண்டார். மக்கள் ஆரவாரம் செய்தார்கள். என் கருத்தில் அது சிக்கனமான, நல்ல ஆட்டம். நிபந்தனையையும் நிறைவேற்றி, தோற்றவரின் மானத்தையும் காப்பாற்றிவிட்டது.

ராடி பைப்பரும் ஏட்ரியன் அடோனிஸும் மோதிய ஆட்டம் இன்னும் நுட்பமானது. தோற்றவர் தலைமுடியை இழக்க வேண்டும். பைப்பருக்கு இதுவே கடைசி ஆட்டம் என்றும் சொல்லப்பட்டது. அடோனிஸ் பைப்பரின் கழுத்தைச் சுற்றி எதிரியை மயங்கவைக்கும் ஸ்லீப்பர் பிடியைப் போட்டார். மயங்கிவிட்டாரா என்று சோதிக்க ரெஃபரி பைப்பரின் கையைத் தூக்கி விட, கை இரண்டு முறை சரிந்து விழுந்தது. மூன்றாவது முறை விழுந்தால்தான் ஆட்டம் முடியும். ஆனால் அடோனிஸ் வென்றுவிட்டதாக எண்ணிப் பிடியை விட்டுவிட்டு மார்தட்டத் தொடங்கினார். அந்த இடைவெளியில் புரூட்டஸ் பீஃப்கேக் ஓடி வந்து பைப்பரை எழுப்ப, பைப்பர் அதே பிடியை அடோனிஸுக்குப் போட்டு வென்றார். பீஃப்கேக் ஏன் வந்தார் என்பதில்தான் அமைப்பின் அழகு இருக்கிறது. இதற்குச் சற்று முன் நடந்த டேக் டீம் (இருவர் அணி) ஆட்டத்தில் வென்ற பிறகும், கூட்டாளி கிரெக் வேலன்டைன் அவரைத் தனியே விட்டுவிட்டு டீனோ பிராவோவுடன் வண்டியேறிப் போய்விட்டார். கைவிடப்பட்டவர் அடுத்த ஆட்டத்தில் வந்து, அடோனிஸின் முடியைத் தம் கையாலேயே வெட்டினார். 'பார்பர்' என்ற பட்டம் அவரோடு நிலைத்தது அன்றிலிருந்துதான். அடோனிஸ் அடுத்த ஆண்டு ஜூலையில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் நடந்த வாகன விபத்தில் இறந்துபோனார். கனத்த உடம்போடு அவ்வளவு துணிந்து விழத் தெரிந்த வீரர்கள் குறைவு. அவரைப் பற்றி இந்த மேடையில் ஒரு சொல்லாவது சொல்லாமல் போக எனக்கு விருப்பமில்லை.

இனி, ராண்டி சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் நிறுவனத்தின் இரண்டாம் நிலைப் பட்டமான இண்டர்காண்டினெண்டல் பட்டத்துக்காக மோதிய ஆட்டத்துக்கு வருகிறேன். 1986 நவம்பரில் ஒளிபரப்பான ஆட்டத்தில் சாவேஜ், ஸ்டீம்போட்டின் தொண்டையைத் தடுப்புக் கம்பியில் மோதவைத்து, பிறகு கயிற்றின் மேலிருந்து ரிங் மணியோடு அவர் தொண்டையில் இறங்கினார். தொண்டை நசுங்கிப் பேச்சே போய்விட்டது என்பது கதை. பாண்டியாக்கில் நடந்தது அந்தத் தொண்டைக்கும் அந்த மணிக்கும் சொன்ன பதில்.

சாவேஜ் எதையும் அந்தந்தக் கணத்துக்கு விட்டுவைக்க மனமில்லாதவர். முழு ஆட்டத்தையும் படிப்படியாக எண்ணிட்டுத் தாள்களில் எழுதி, ஒரு படியின் எண்ணைச் சொன்னால் அடுத்த படிகளை ஒப்பிக்கும் அளவுக்கு இருவரும் மனப்பாடம் செய்துகொண்டதாக ஸ்டீம்போட் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த உழைப்பு திரையில் கொஞ்சமும் தெரியவில்லை என்பதே அதன் சிறப்பு. ஸ்டீம்போட், சாவேஜின் கழுத்தை இரு கைகளாலும் பற்றி அவரைத் தரையிலிருந்து மேலே தூக்குகிறார். பழைய காயத்துக்குக் கணக்குத் தீர்க்கும் அந்த ஒரு பிடிக்கு அரங்கமே எழுந்து நிற்கிறது. சாவேஜ் அவரைக் கயிற்றுக்கு மேலே வெளியே தூக்கி எறிய, ஸ்டீம்போட் மேல்கயிற்றைப் பற்றித் தொங்கி, கால்களை மேலே சுழற்றி மறுபடி உள்ளே வருகிறார். எதிரியின் தோள்களை ரெஃபரி மூன்று முறை தட்டும்வரை தரையில் அழுத்திப் பிடித்தால் வெற்றி. ரெஃபரியின் கை இரண்டு முறை தரையைத் தட்டி, மூன்றாவது தட்டுக்குள் தோள் எழும்பிவிடும் கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன; ஒவ்வொன்றிலும் முடிந்துவிட்டது என்றே நாம் நம்புகிறோம். மொத்தம் பதினான்கரை நிமிடம்தான். ஓர் அசைவும் வீணில்லை.

முடிவைச் சற்று அருகிலிருந்து பாருங்கள். ரெஃபரி டேவ் ஹெப்னர் அடிபட்டுக் கிடக்கிறார். அந்த நேரத்தில் சாவேஜ் உச்சிக் கயிற்றிலிருந்து முழங்கையோடு இறங்கி ஸ்டீம்போட்டை வீழ்த்திவிடுகிறார். ஆனால் எண்ணுவதற்கு ஆளில்லை. உடனே அதே பழைய மணியைத் தேடிப் போகிறார். ஸ்டீம்போட்டின் பக்கம் நின்ற ஜார்ஜ் ஸ்டீல் அதைத் தடுக்கப் பார்க்கிறார். இறுதியில் மணியோடு கயிற்றின்மேல் ஏறிய சாவேஜைத் தள்ளியும் விடுகிறார். தட்டுத்தடுமாறி எழுந்த சாவேஜ் ஸ்டீம்போட்டை உடம்போடு தூக்க, தூக்கிய வேகத்திலேயே ஸ்டீம்போட் அவர் தலையையும் காலையும் ஒருசேரச் சுருட்டிப் பிடித்து 'ஸ்மால் பேக்கேஜ்' போடுகிறார். ஒன்று, இரண்டு, மூன்று. தன் வஞ்சத்தை விட முடியாத மனிதன் அந்த வஞ்சத்தாலேயே பட்டத்தை இழக்கிறான். ஆட்டத்தைக் கட்டியவர் சாவேஜ். அப்படிக் கட்டி, அதன் உச்சியில் தம் தோல்வியை வைத்தார். இத்தனைக்கும் ஸ்டீம்போட்டிடம் அந்தப் பட்டம் ஜூன் 2 வரைதான் இருந்தது. நினைவில் நின்றது பட்டம் அன்று, அந்த ஆட்டம்.

ஹல்க் ஹோகனும் ஆந்த்ரே தி ஜெயண்டும் மோதிய இறுதி ஆட்டத்தை, ஸ்டீம்போட் ஆட்டத்தோடு ஒப்பிட்டு மட்டமானது என்று தள்ளிவிடும் வழக்கம் விமர்சகர்களிடம் உண்டு. அசைவுகள் குறைவு, வேகம் இல்லை, எதிரியைக் கட்டிப்பிடித்து இறுக்கும் 'பியர் ஹக்' பிடி சலிப்பூட்டும் அளவுக்கு நீள்கிறது, எல்லாம் உண்மைதான். ஆந்த்ரே 15 ஆண்டுகள் தோல்வியே காணாதவர், எவராலும் தூக்க முடியாதவர் என்ற விளம்பரமும் உண்மையில்லை. 1980 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஷே விளையாட்டரங்கில் இதே ஹோகன் இதே ஆந்த்ரேயைத் தூக்கிப் போட்டிருக்கிறார். இவற்றையெல்லாம் அறிந்த பிறகும், இந்த ஆட்டத்தை நான் தாழ்த்தி மதிப்பிட மாட்டேன். இதைப் பார்க்க வேண்டிய முறையே வேறு.

ஆந்த்ரே ரூசிமோஃப் பிரான்ஸில் பிறந்தவர். வளர்ச்சிச் சுரப்பு மிகுதியால் வரும் அக்ரோமெகலி என்னும் நோயே அவருடைய பேருருவத்துக்குக் காரணம். அதே நோய் நாளடைவில் அவருடைய மூட்டுகளையும் முதுகையும் தின்றது. 1986இல் அவருக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அன்றிரவு அவர் அணிந்திருந்த கருப்பு உடைக்குள், முதுகைத் தாங்கும் பட்டை ஒன்று மறைந்திருந்தது. அறிவித்த எடை 520 பவுண்டு. நிற்பதே வேதனையாக இருந்த மனிதர், தம்மை ஒருவர் தலைகீழாகத் தூக்கிப் பலகையில் அறைவதற்கு இசைந்து அந்த மேடைக்கு வந்தார்.

ஆட்டம் தொடங்கிய சில நொடிகளில் ஹோகன் அவரைத் தூக்க முயல்கிறார். முதுகு ஒடிந்தாற்போல் சரிகிறார். ஆந்த்ரே அவர்மேல் விழுகிறார். ரெஃபரியின் கை மூன்றாவது முறை தட்டியதா இல்லையா என்று ஐயப்படும் அளவுக்கு நெருங்கிய எண்ணிக்கை அது. அதன் பிறகு ஏறக்குறைய பத்து நிமிடங்களுக்கு ஆந்த்ரே பெரும்பாலும் ஹோகனின் முதுகையே குறிவைக்கிறார். தம்முடைய முதுகு வலித்துக்கொண்டிருக்கும் மனிதர், எதிரியின் முதுகு வலிப்பதாக நம்மை நம்பவைக்கிறார். சலிப்பூட்டுவதாகச் சொல்லும் அந்தப் பியர் ஹக், அந்த உடல்நிலையில் அவரால் செய்ய முடிந்த சிலவற்றுள் ஒன்று. அது நீள நீள, தூக்குவது இனி நடக்காத காரியம் என்ற எண்ணம் அரங்கில் கெட்டிப்படுகிறது.

பிறகு ஹோகன் ஓடி வந்து கையை வீச, ஆந்த்ரே முதல் முறையாக மல்லாந்து விழுகிறார். அவர் எழுந்ததும் ஹோகன் அவருடைய இடுப்புக்குக் கீழே ஒரு கையும் தோளுக்கு மேலே ஒரு கையும் கொடுத்துத் தூக்குகிறார். அத்தகைய உடம்பு தானாக எழும்ப வேண்டுமென்று நினைக்காவிட்டால் உலகில் எவராலும் அதை எழுப்ப முடியாது. தூக்கப்படுகிறவர் காலால் உந்தி, தம் எடையைத் தூக்குகிறவரின் தோளில் சரியாக வைத்துக் கொடுக்க வேண்டும். ஆந்த்ரே வைத்துக் கொடுத்தார். ஒரு கணம் அவர் காற்றில் கிடையாக நிற்கிறார். அடுத்த கணம் அந்த முதுகு பலகையில் இறங்குகிறது. ஹோகன் கயிற்றில் மோதித் திரும்பி, எகிறிக் காலை அவர்மேல் இறக்கும் 'லெக் டிராப்' போட, ரெஃபரி மூன்று எண்ணி முடிக்கிறார். ஹோகன் என்ற பெயர் அதன் பிறகு எத்தனை ஆண்டுகள் அரங்குகளை நிரப்பியதோ, அத்தனை ஆண்டுகளுக்குமான மூலதனத்தை ஆந்த்ரே அந்த ஒரு கணத்தில் தம் முதுகிலிருந்து எடுத்துக் கொடுத்தார் என்றே நான் கருதுகிறேன்.

ரிங்கில் ஹோகன் காதில் கைவைத்து மக்களின் ஆரவாரத்தைக் கேட்டுக்கொண்டிருக்கையில், ஆந்த்ரே மேலாளர் பாபி ஹீனனோடு அந்தச் சிறிய வண்டியில் ஏறிக்கொண்டார். வண்டி மெல்ல நகர்ந்தது. இருபுறமும் நின்ற மக்கள் கையில் கிடைத்த காகிதக் கோப்பைகளையும் குப்பைகளையும் அவர்மேல் வீசினார்கள்; தோற்கவேண்டியவனாக அவர் எவ்வளவு சரியாக நின்றார் என்பதற்கு அவர்கள் அளித்த சான்று அது. வாசல் வரைக்கும் அந்த நெடுந்தொலைவை அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடந்து போனார்.