கதவு இல்லாத வீடு

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரே உட்கார்ந்திருக்கும் கொழுப்பு அணியினரே (நான் வைத்த பெயர் இல்லை, தலைப்பே அப்படி), சாப்பாட்டு நேரம் தாண்டியும் எழுந்து போகாத பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் மூடியிருக்கும் மெல்லிய உறையான செல் சவ்வுக்குப் பெருமை கொழுப்பாலா, புரதத்தாலா? புரதத்தால்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அக்கா எண்ணிக்கையில் ஆரம்பித்தார். எடையில் பாதி புரதமாக இருக்கும் சவ்வில்கூட, ஒரு புரத மூலக்கூறுக்குச் சுமார் 50 கொழுப்பு மூலக்கூறு இருக்கிறதாம். உண்மைதான், மறுக்கவில்லை. வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறோம். வீட்டுக்காரர், "சுவரில் எட்டாயிரம் செங்கல் இருக்கு சார், கதவு மட்டும் வைக்கல" என்றால் அட்வான்ஸ் கொடுப்பீர்களா? செங்கல் கொழுப்பு, கதவு புரதம்.

அடுத்து அக்கா 1925-க்குப் போனார். ஹாலந்தில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்துத் தண்ணீர்மேல் பரப்பினார்கள். அணுக்களின் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு இடத்துக்கு அது பரவியது. அதனால் சவ்வு என்பது இரண்டு அடுக்குக் கொழுப்பு என்றார்கள். அக்கா இதைச் சொன்னபோது எல்லோரும் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். ஆனால் மீதிக் கதையை அவர் சொல்லவில்லை. அவர்கள் அசிட்டோன் ஊற்றி எடுத்ததில் கொழுப்பு முழுசாக வரவில்லை. அணுக்களை உலர்த்தி அளந்ததால் பரப்பும் குறைச்சலாக விழுந்தது. இந்தத் தப்பை அந்தத் தப்பு அடித்துக்கொண்டு போய், விடை மட்டும் சரியாக வந்துவிட்டது! இப்படி விடை எழுதும் பிள்ளைகள் என் வகுப்பிலும் இருக்கிறார்கள், மார்க்கும் போட்டிருக்கிறேன். அதே சிவப்பணுச் சவ்வை எடை போட்டுப் பாருங்கள், ஏறத்தாழப் பாதி புரதம்.

சரி, இரட்டை அடுக்கு உண்மை. தண்ணீரோடு ஒட்டாத வால்கள் உள்ளே, ஒட்டும் தலைகள் வெளியே. சிக்கலே அங்கேதான். அந்த எண்ணெய்ப் பசைக்குள் சோடியம் அயனி நுழையாது, குளுக்கோஸ் சுலபத்தில் நுழையாது. தண்ணீராவது போகுமே என்பீர்கள். கசியும், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் பீட்டர் ஆக்ரே என்பவர் ரத்த வகை சம்பந்தப்பட்ட ஒரு புரதத்தைத் தேடிக்கொண்டிருந்தார். கூடவே இன்னொரு புரதம் வந்து ஒட்டிக்கொண்டது. அழுக்கு என்று கழுவிவிடாமல், அது என்ன என்று பார்த்தார். தவளை முட்டை குளத்து நீரிலேயே கிடந்தாலும் ஊதுவதில்லை, அதன் சவ்வில் தண்ணீர் அவ்வளவு மெதுவாகத்தான் போகும். அந்தப் புரதத்தைச் செய்யச் சொல்லும் ஆர்என்ஏவை அவருடைய குழு சில முட்டைகளுக்குள் ஊசியால் ஏற்றியது. பிறகு ஊசி போட்ட முட்டை, போடாத முட்டை இரண்டையும் உப்புக் குறைந்த நீரில் போட்டார்கள். போடாத முட்டை சும்மா கிடந்தது. போட்ட முட்டை சில நிமிடங்களில் உப்பி, பட்டென்று வெடித்தது! கொழுப்பு இரண்டிலும் ஒன்றுதான் நடுவர் அவர்களே. அக்குவாபோரின் என்ற அந்தத் தண்ணீர்க் குழாய்ப் புரதத்துக்காக ஆக்ரே 2003-இல் நோபல் பரிசு வாங்கினார்.

நரம்பைச் சுற்றிய மையலின் உறையில் நாலில் மூன்று பங்குக்கு மேல் கொழுப்பு என்று அந்த அணித் தம்பி மார்தட்டினார். தம்பி, அது வயர்மேல் சுற்றிய ரப்பர். அந்த உறை இடையிடையே விட்டுப்போகிறதே, சோடியத்தை உள்ளே விடும் புரத வாயில்கள் நெருக்கியடித்து நிற்பது அந்த இடைவெளிகளில்தான். மின்துடிப்பு புதுப்பிக்கப்படுவதும் அங்கேதான். அந்த உறையின் சுற்றுகளை இறுக்கி ஒட்டி வைத்திருப்பதும் ஒரு புரதம்தான். இதற்கு நேர்மாறாக, செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்க ராப்பகலாக உழைக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வைப் பாருங்கள், அங்கே முக்கால் பங்கு புரதம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். காலரா நஞ்சு குடலுக்கு வந்ததும் முதலில் யார் கையைப் பிடிக்கிறது தெரியுமா? ஜிஎம்1 என்ற கொழுப்பின் கையை. திருடனுக்கு ஏணி பிடித்தது உங்கள் ஆள். உள்ளே போன நஞ்சு, குளோரைடு கதவைத் திறந்தே வைத்துவிடுகிறது. அந்தக் கதவு எங்கள் புரதம்தான், ஒப்புக்கொள்கிறேன். குளோரைடு வெளியேற, பின்னாலேயே சோடியமும் தண்ணீரும் போகின்றன. ஒரே நாளில் ஆள் வற்றிப்போவார்.

1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லையில், மேற்கு வங்கத்தின் போங்காவ் அகதி முகாமில் காலரா. தரையெல்லாம் நோயாளிகள், நரம்பில் ஏற்றும் சலைன் போதவில்லை. டாக்டர் திலீப் மகலநோபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் பொட்டலம் கட்டி, டிரம்மில் கரைத்துக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். ஊற்றிக் கொடுத்ததில் நோயாளிகளின் சொந்தக்காரர்களும் உண்டு. 30 சதவீதத்தை ஒட்டியிருந்த இறப்பு 4 சதவீதத்துக்குக் கீழே வந்தது.

அது எப்படி நடந்தது? குடல் சவ்வில் எஸ்ஜிஎல்டி1 என்று ஒரு புரதம். தனி ஆளாக வந்தால் சோடியத்தை ஏற்றாது, குளுக்கோஸ் துணைக்கு வந்தால் இரண்டையும் சேர்த்து உள்ளே இழுக்கும். அவற்றின் பின்னால் தண்ணீர் வரும். அந்தப் புரதத்தைக் காலரா தொடுவதில்லை. வீட்டைச் சூறையாடிய திருடன் பின்வாசலை மறந்த மாதிரி. உப்புத் தண்ணீரை மட்டும் கொடுத்தால் அப்படியே போய்விடும், கூட இனிப்பு சேர வேண்டும். இன்றைக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பாக்கெட்டை ஒரு லிட்டரில் கரைத்தால், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி சோடியம் 75 மில்லிமோல், குளுக்கோஸும் 75 மில்லிமோல், அதாவது எண்ணிக்கையில் இரண்டும் சரிசமம். புரதத்தின் குணம் தெரிந்து எழுதிய சமையல் குறிப்பு அது!

எனக்கு அடுத்துப் பேச வரும் அண்ணன், ஊசி போடாத அந்தத் தவளை முட்டை ஏன் வெடிக்கவில்லை என்பதற்கு முதலில் பதில் சொல்லட்டும். மணி அடித்துவிட்டது, உட்காருகிறேன். வணக்கம்.