கச்சான் அடிக்கும் சாலையில் சைக்கிள் ஃபிட்னஸ் டெஸ்ட்

[காட்சி: விடியற்காலை. உச்சிப்புளி தாண்டி மண்டபம் போகும் சாலை. பனை ஓலைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து சலசலக்கின்றன.]

வணக்கம். முதலில் இந்த ஓலைகளைப் பாருங்கள். ஜூனில் இருந்து செப்டம்பர் வரை நம் ராமநாதபுரக் கரையில் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, இப்படித்தான் அடிக்கும். இதே சாலையில், இதே காற்றில்தான் என் முதல் ஃபிட்னஸ் டெஸ்ட்டை ஓட்டினேன். மண்டபம் பக்கம் பார்த்து அரை மணி நேரம். சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர். சந்தோஷம் தாங்கவில்லை. அந்த வேகத்தை வைத்தே மூன்று வாரம் பயிற்சி செய்தேன். கால் கனத்துப்போனது, தூக்கம் கெட்டது, முன்னேற்றம் மட்டும் வரவில்லை. முதுகைத் தள்ளிய காற்றை என் கால் பலம் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

அதனால் இந்த வீடியோவில், நம் கரையோரக் காற்றிலும் வெயிலிலும் நம்பக்கூடிய டெஸ்ட்டை எப்படிச் செய்வது, அதில் வந்த எண்ணை எப்படிப் பயிற்சியாக மாற்றுவது என்று பார்ப்போம்.

[காட்சி: வெள்ளைத்தாளில் கணக்கு எழுதும் கை.]

"போய்த் திரும்பி வந்தால் காற்று சரிக்குச் சரி ஆகிவிடுமே?" என்று பலரும் கேட்கிறார்கள். ஆகாது. காற்றில்லாத நாளில் நீங்கள் 30-இல் ஓட்டுபவர் என்று வையுங்கள். எதிர்காற்றில் 10 கிலோமீட்டரை 20 வேகத்தில் போனால் 30 நிமிடம். திரும்பும்போது காற்று தள்ளி 40-இல் வந்தால் 15 நிமிடம். மொத்தம் 20 கிலோமீட்டருக்கு 45 நிமிடம். சராசரி 27 கூட வரவில்லை. எதிர்காற்றில் கழியும் நேரம் எப்போதும் அதிகம், அதனால் இழந்தது முழுதாகத் திரும்பி வராது. இந்தக் கரையில் வேகத்தை வைத்து உடலை அளக்காதீர்கள்.

அப்படியானால் எதை அளப்பது? ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச உழைப்பை. இதைத்தான் த்ரெஷோல்ட் என்கிறார்கள். அதற்கு மேலே போனால் ரத்தத்தில் லாக்டேட் சேருகிற வேகத்துக்கு உடலால் அதைச் செலவழிக்க முடியாது. சீக்கிரமே கால் கட்டிக்கொள்ளும்.

வாட் அளக்கும் பவர் மீட்டர் இருந்தால் வேலை சுலபம். 20 நிமிடம் முழு மூச்சாக ஓட்டி, சராசரி வாட்டில் 95 சதவீதம் எடுங்கள். 210 வாட் வந்தால் உங்கள் த்ரெஷோல்ட் வாட், அதாவது எஃப்டிபி, சுமார் 200. ஆனால் பவர் மீட்டர் விலை நம்மில் பலருக்கு எட்டாது. இதயத் துடிப்பு காட்டும் மார்புப் பட்டை போதும். கையில் கட்டும் வாட்ச் குலுங்குகிற சாலையில் தடுமாறும், மார்புப் பட்டைதான் என் தேர்வு.

[காட்சி: முகுந்தராயர் சத்திரத்தில் இருந்து அரிச்சல்முனை போகும் நேர்ச் சாலை. இரு பக்கமும் கடல்.]

இடம்? தனுஷ்கோடி சாலைதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். முகுந்தராயர் சத்திரத்தில் இருந்து அரிச்சல்முனை வரை சுமார் ஒன்பதரை கிலோமீட்டர், சிக்னலும் கிடையாது, மேடும் கிடையாது. ஆனால் அந்த நிலம் தென்கிழக்காக நீண்டு கிடக்கிறது. கச்சானும் சரி, அப்புறம் வடகிழக்கில் இருந்து வருகிற வாடையும் சரி, பக்கவாட்டில்தான் அறையும். காற்று அள்ளிப் போடும் மணலும் சாலையில் கிடக்கும். காற்று அடங்கிய காலையில் மட்டும் போங்கள். பாம்பன் சாலைப் பாலத்தில் டெஸ்ட் வேண்டவே வேண்டாம். வேடிக்கை பார்க்க வண்டியை நிறுத்துபவர்களுக்கு நடுவே முழு மூச்சாக ஓட்டுவது ஆபத்து.

காற்று எப்படி இருந்தாலும் டெஸ்ட்டை வெயிலுக்கு முன்னால் முடித்துவிடுங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது. உடலைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குப் போகும், வியர்வையில் நீரும் இறங்கும். அதே உழைப்புக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். எட்டு மணி வெயிலில் எடுத்த எண்ணை விடியற்காலை எண்ணோடு ஒப்பிட முடியாது.

முந்தின இரண்டு நாளும் கடுமையாக ஓட்டாதீர்கள். இரவு வழக்கமான சாப்பாடு, நல்ல தூக்கம். காலையில் ஒரு வாழைப்பழம். காபி குடிப்பவர் என்றால் எல்லா டெஸ்ட்டுக்கும் குடியுங்கள், இல்லையென்றால் எதற்குமே வேண்டாம். டயரில் காற்றும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு. நெஞ்சு வலி, மயக்கம், ரத்த அழுத்தம் எதாவது இருந்தால் டாக்டரைப் பார்க்காமல் இந்த டெஸ்ட் பக்கமே வரக்கூடாது. இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

இன்னொன்று, சீமைக் கருவேல முள். ராமநாதபுரத்தில் சாலை ஓரம் ஒதுங்கினாலே பஞ்சர்தான். நன்றாகப் போய்க்கொண்டிருந்த டெஸ்ட் இருபதாவது நிமிடத்தில் முள்ளால் நின்றுபோன வருத்தம் எனக்குத் தெரியும். டியூபுக்குள் சீலன்ட், அதாவது துளையைத் தானே அடைக்கும் திரவம், ஊற்றிக்கொள்ளுங்கள்.

[காட்சி: சைக்கிள் கம்ப்யூட்டர் திரை. துடிப்பு எண் மெல்ல ஏறுகிறது.]

இருபது நிமிடம் உடலைச் சூடாக்குங்கள். கடைசியில் ஒரு நிமிட வேக ஓட்டம் மூன்று, நடுவில் ஓய்வு. பிறகு 30 நிமிடம், தனியாக, நிறுத்தாமல். முதல் ஐந்து நிமிடம் "இன்னும் கொஞ்சம் போகலாமே" என்று தோன்றும். தோன்றட்டும், அடக்குங்கள். பெரும்பாலான டெஸ்ட் கெடுவது அங்கேதான். பத்தாவது நிமிடத்தில் லேப் பட்டனை அழுத்துங்கள், அங்கிருந்து சராசரி தனியாகக் கணக்காகும். கடைசி 20 நிமிடத்தின் சராசரித் துடிப்புதான் உங்கள் த்ரெஷோல்ட் துடிப்பு.

அது 168 என்று வைத்துக்கொள்வோம். 81-இல் இருந்து 89 சதவீதம் வரை, அதாவது 136 முதல் 150 வரை, நிதான ஓட்டம். அந்த அளவில் பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடியும். 94-இல் இருந்து 99 சதவீதம், அதாவது 158 முதல் 166 வரை, கடின ஓட்டம்.

வாரத்தில் நான்கு நாள் ஓட்டினால் மூன்று நாள் நிதானம், ஒரு நாள் மட்டும் கடினம். அந்தக் கடின நாளில் மூன்று முறை பத்து நிமிடம், இடையில் ஐந்து நிமிட ஓய்வு. நம் கரையில் மேடு இல்லையே என்று கவலை வேண்டாம். ஜூலையில் மண்டபத்தில் இருந்து உச்சிப்புளிக்கு வந்து பாருங்கள், கச்சானே மலை. துடிப்பு ஏற இரண்டு மூன்று நிமிடம் ஆகும். திரையில் எண் வரவில்லையே என்று ஆரம்பத்தில் அடித்து மிதிக்காதீர்கள்.

உண்மையில் கஷ்டம் அந்த மூன்று நிதான நாட்கள்தான். பின்னால் வந்தவர் முந்திப் போவார், எதிர்காற்றில் வேகம் 18-க்கு இறங்கும். 150 தாண்டுகிறதா, கியரைக் குறையுங்கள். நான் அந்த மூன்று வாரத்தில் செய்யாமல் விட்டது இதைத்தான்.

ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி டெஸ்ட். த்ரெஷோல்ட் துடிப்பு அதே 168-இல் நின்றாலும் சோர்ந்து போகாதீர்கள், அது பெரிதாக மாறுகிற எண் அல்ல. காற்றில்லாத ஒரு காலையில் அதே சாலையில் 150-க்குள் ஒரு மணி நேரம் ஓட்டி, தூரத்தைக் குறியுங்கள். அந்தத் தூரம் முறைக்கு முறை கூடுகிறதா என்று பாருங்கள்.

[காட்சி: நோட்டுப் பக்கம். தேதி, துடிப்பு, தூரம். கடைசிக் கட்டத்தில் "ஓலை அசையவில்லை" என்று எழுதியிருக்கிறது.]