டீயணும் என்று யாராவது கேட்பார்களா?

நேயர்களுக்கு வணக்கம். போன மாதம் ஒரு பையன் பாளையங்கோட்டையில் என் வீட்டுக்கு வந்தான். வேலை கேட்டு எழுதி வைத்திருந்த மெயிலை போனில் காட்டி, "சார், ஒரு தடவ பாத்துச் சொல்லுதியளா?" என்றான். அதில் 'ஐ கொன்னா ஜாயின் இம்மீடியட்லி' என்று இருந்தது.

'கோயிங் டு' பேச்சில் தேய்ந்துதான் 'கொன்னா' ஆயிற்று. ஆனால் தேய்ந்தது அந்த இரண்டு சொல் மட்டும்தான். முன்னால் நிற்கிற 'ஆம்' போகவில்லை. 'ஐ ஆம் கொன்னா', சுருக்கினால் 'ஐம் கொன்னா'. இதைச் சொன்னதும் அவன் கேட்டான்: "அப்போ 'ஐம் கொன்னா சென்னை'ன்னு சொல்லலாமா சார்?"

நல்ல கேள்வி. பதில் நம் வாயிலேயே இருக்கிறது. 'போக வேண்டும்' என்பதைப் 'போகணும்' என்கிறோம். 'வேண்டும்' தேய்ந்து 'ணும்' ஆகி வினையோடு ஒட்டிக்கொண்டது. அதே 'வேண்டும்'தான் டீக்கும் வருகிறது. ஆனால் ஜங்ஷன் டீக்கடையில் "அண்ணாச்சி, ஒரு டீ வேணும்" என்போமே தவிர, 'டீயணும்' என்று ஒருவரும் கேட்பதில்லை. 'கொன்னா'வும் அப்படித்தான், வினைக்கு முன்னால்தான் வரும். ஊர்ப்பெயர் வந்தால் 'கோயிங் டு சென்னை' என்று முழுசாகவே சொல்ல வேண்டும்.

'வான்ட் டு' தேய்ந்த 'வான்னா' இன்னும் நுட்பமானது. 'ஹூ டு யூ வான்னா ஹெல்ப்?' என்றால், யாருக்கு உதவ நீ ஆசைப்படுகிறாய் என்று அர்த்தம். சரி. ஆனால் யார் ஜெயிக்கணும் என்று நீ ஆசைப்படுகிறாய் எனக் கேட்க, 'ஹூ டு யூ வான்ட் டு வின்?' என்று பிரித்துத்தான் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். ஜெயிக்கப் போகிற ஆள் 'வான்ட்'டுக்கும் 'டு'வுக்கும் நடுவில் இருக்க வேண்டியவர். 'ஹூ' ஆகி முன்னால் போய்விட்டாலும், அவர் விட்டுப்போன இடம் அங்கே இருக்கிறது. அதனால் இரண்டும் ஒட்டுவதில்லை. யாரும் சொல்லித்தராமலே ஆங்கிலக் குழந்தைகளுக்கு இது காதில் பதிந்துவிடுகிறது. எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

காதை மட்டும் நம்பி எழுதினாலும் இடறும். 'செய்திருக்கலாம்' என்கிற பொருளில் வரும் 'குட் ஹேவ்' பேச்சில் தேய்ந்து 'குடவ்' என்று ஒலிக்கும். அதை 'குட் ஆஃப்' என்று எழுதுகிற பிழையை ஆங்கிலமே தாய்மொழியான பலரும் செய்கிறார்கள்.

இவையெல்லாம் கொச்சை, வாயில் வரவே கூடாது என்று சிலர் மாணவர்களை அதட்டுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. 1710-லேயே, 'கலிவரின் பயணங்கள்' எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட் இப்படிச் சுருங்கிய சொற்களைத் திட்டி எழுதினார். அவர் திட்டியவற்றில் ஒன்று, லத்தீனில் இரண்டு சொல்லாக இருந்து வெட்டுப்பட்ட 'மாப்', அதாவது கும்பல். இன்று கூட்டத்தைச் சொல்ல ஆங்கில நாளிதழ்களே அந்தச் சொல்லை எழுதுகின்றன. நாம் 'இருக்கியளா' என்று விசாரிப்பதில் மரியாதை குறைந்தா போகிறது? அதைக் கலெக்டருக்குக் கொடுக்கும் மனுவில் எழுத மாட்டோம், அவ்வளவுதான்.

பையன் அங்கேயே உட்கார்ந்து, 'ஐ கேன் ஜாயின் இம்மீடியட்லி' என்று மாற்றினான். இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினான். செருப்பை மாட்டிக்கொண்டு, "அப்ப நான் வாரேன் சார்" என்றான்.