ஹராரே மைதானத்தில் இரண்டு கறுப்புப் பட்டைகள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். விளையாட்டுக் களத்தில் அரசியல் எதிர்ப்பைக் காட்டுவது வீரருக்கு அழகா, இழுக்கா என்பது இன்றைய தலைப்பு. அழகே என்று வாதிட வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர், "வீரர்களுக்குக் கருத்து இருக்கட்டும், அதை மைதானத்துக்கு வெளியே சொல்லட்டும்" என்றார். கேட்க நியாயமாகத் தோன்றும் இந்த வாதத்துக்கே என் நேரத்தில் பெரும்பகுதியை ஒதுக்குகிறேன்.

2003 பிப்ரவரி 10 அன்று ஹராரேயில், கிரிக்கெட் உலகக் கோப்பையின் தன் முதல் ஆட்டத்தில் ஜிம்பாப்வே நமீபியாவைச் சந்தித்தது. ஆட்டம் தொடங்கும் முன் ஜிம்பாப்வே வீரர்கள் ஆண்டி ஃபிளவரும் ஹென்றி ஒலாங்காவும் செய்தியாளர்களுக்கு ஒரு கூட்டறிக்கை கொடுத்தார்கள். எங்கள் அன்பு நாட்டில் மக்களாட்சி இறந்துவிட்டது, அதற்குத் துக்கம் காக்கக் கறுப்புப் பட்டை அணிகிறோம், மனித உரிமை மீறல்களை நிறுத்துமாறு மௌனமாக மன்றாடுகிறோம் என்பது அதன் சாரம். ஃபிளவர் அந்நாட்டின் தலைசிறந்த மட்டையாளர், வெள்ளையர். ஒலாங்கா அந்நாட்டுக்காக டெஸ்ட் ஆடிய முதல் கறுப்பினத்தவர். இருவரும் சேர்ந்து நின்றதால், இதை வெள்ளையர்களின் மனக்குறை மட்டுமே என்று ஒதுக்கித்தள்ள ஆட்சியாளருக்கு வழியில்லாமல் போயிற்று. கறுப்புப் பட்டையைக் கையில் அணிந்துகொண்டே ஃபிளவர் ஆடி 39 ஓட்டங்கள் எடுத்தார். அந்தப் பட்டையால் ஒரு பந்துகூட நிற்கவில்லை. ஆட்டத்தைக் குறுக்கியது மழைதான். ஜிம்பாப்வே வென்றது.

இவர்கள் வெளியே எங்கே போய்ப் பேசியிருக்க வேண்டும்? அரசை விமர்சித்துவந்த டெய்லி நியூஸ் நாளிதழின் அச்சகம் 2001 ஜனவரியில் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டிருந்தது. 2002-இல் வந்த சட்டங்கள், செய்தியாளர் எழுதுவதற்கு அரசின் அனுமதியையும், பொதுக்கூட்டம் நடத்துவதற்குக் காவல்துறையின் தயவையும் கட்டாயமாக்கியிருந்தன. அதே பிப்ரவரியில் எதிர்க்கட்சித் தலைவர் மார்கன் ஸ்வாங்கிராய் தேசத்துரோகக் குற்றச்சாட்டில் கூண்டில் நின்றுகொண்டிருந்தார். பத்திரிகையும் தெருவும் மேடையும் அடைபட்ட நாட்டில், உலகத்தின் கேமராக்கள் இருந்ததால் ஆட்சியாளரால் உடனே கைவைக்க முடியாமல் போன ஒரே பொதுவெளி அந்த மைதானம்தான்.

அரசியலை மைதானத்துக்குள் கொண்டுவந்தவர்களும் இவர்கள் அல்லர். ஜிம்பாப்வே கிரிக்கெட் சங்கத்தின் புரவலராக இருந்தவர் அதிபர் ராபர்ட் முகாபேயே. புரவலர் பதவியில் அதிபர் அமரும்போது அரசியலாகத் தெரியாதது, ஆட்டக்காரர் கையில் பட்டை ஏறியதும் அரசியலாகிவிடுகிறது! 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கின் பரிசளிப்பு மேடையில் இனப்பாகுபாட்டை எதிர்த்துக் கை உயர்த்திய அமெரிக்கக் கறுப்பின ஓட்டக்காரர்கள் டாமி ஸ்மித்தையும் ஜான் கார்லோஸையும் வெளியேற்றச் சொன்ன சர்வதேச ஒலிம்பிக் குழுத் தலைவர் ஏவரி பிரண்டேஜ், 1936 பெர்லினில் அமெரிக்க ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்தபோது நாஜி வணக்கத்தை எதிர்க்கவில்லை என்பதையும் எதிரணியினர் நினைத்துப் பார்க்க வேண்டும்.

"இன்று நல்லவர் பட்டை கட்டுவார், நாளை வெறுப்பைப் பரப்புகிறவர் கட்டுவார், அப்போது என்ன செய்வீர்கள்?" என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். அவர்கள் தரப்பில் வலுவான கேள்வி இதுதான். நானும் அதை மதிக்கிறேன். ஓர் இனத்தையோ மதத்தையோ இழிவுபடுத்தும் செயலைத் தண்டிக்கத் தனி விதி வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ஆனால் எல்லா எதிர்ப்பையும் ஒரே விதியால் தடுத்தால், அதிகாரத்தில் இருப்பவருக்குச் சிறப்பு இருக்கையும் பரிசளிப்பு மேடையும் அப்படியே மிஞ்சும். வாயடைக்கப்படுபவர் வீரர் மட்டுமே.

விளம்பரத்துக்காகச் செய்கிறார்கள் என்ற சொல்லும் இங்கே விழுந்தது. அந்த உலகக் கோப்பைக்குப் பிறகு இருவரும் ஜிம்பாப்வேக்காக ஆடவே இல்லை. ஒலாங்கா கொலை மிரட்டலுக்கு ஆளாகி, நாட்டைவிட்டு வெளியேறி, இங்கிலாந்தில் தஞ்சமடைந்தார். அப்போது அவருக்கு வயது 26. வேகப்பந்து வீச்சாளருக்கு அது உச்சத்தை எட்டும் வயது. விளம்பரம் தேடுபவர் கொடுக்கும் விலையா இது?

நடுவர் அவர்களே, எதிரணியிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: 2003 பிப்ரவரியில், ஹராரே நகரில், ஒலாங்கா அதைச் சொல்லியிருக்கக்கூடிய வேறோர் இடத்தை அவர்கள் தங்கள் அடுத்த சுற்றில் பெயர் சொல்லிக் காட்டட்டும்.