நூறு ரூபாய்த் தாளிலிருந்து ஒரு பாடம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் பையில் நம் மொரீசியஸ் நாட்டு நூறு ரூபாய்த் தாள் ஒன்று இருந்தால் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். அதில் இருக்கும் முகம் ரெங்கநாதன் சீனிவாசன். நாடு விடுதலை அடைவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1958இல், மறைந்துவிட்டவர்; அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர். சரி, முகத்தை விட்டுவிட்டு எழுத்துக்கு வாருங்கள். முதலில் ஆங்கிலம், அடுத்து தமிழில் 'நூறு ரூபாய்', அதன் பிறகு இந்தி. தினமும் கை மாறுகிற தாள் என்பதால் நாம் கவனிப்பதே இல்லை.

1998இல் வந்த புதிய தாள்களில் இந்த வரிசை மாறியிருந்தது. இந்தி இரண்டாவது இடத்துக்கு வந்து, தமிழ் மூன்றாவது இடத்துக்குப் போயிற்று. தமிழர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஒப்பந்தக் கூலிகளின் கப்பல்கள் வருவதற்கு நூறு ஆண்டுகள் முன்பே, பிரெஞ்சுக்காரர் காலத்தில், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனார்களாகவும் தச்சர்களாகவும் இங்கே வந்தவர்கள் நம்மவர்கள், அந்த வரிசைக்கு ஒரு வரலாறு உண்டு என்று வாதாடினார்கள். கடைசியில் அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. பழைய வரிசையில் மறுபடி அச்சாகி வந்தன.

இந்தக் கதையை நான் ஒவ்வோர் ஆண்டும் என் அரசியல் அறிவியல் மாணவர்களுக்கு முதல் நாள் வகுப்பில் சொல்வேன். சொல்லிவிட்டு மூன்று கேள்வி கேட்பேன். இந்த வரிசையை முடிவு செய்தது யார்? எந்த அதிகாரத்தில் முடிவு செய்தார்கள்? பிடிக்காதவர்கள் அதை மாற்றியது எந்த வழியில்? பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அரசியல் அறிவியல் என்ற படிப்பு அவர்களுக்கு அங்கேதான் தொடங்குகிறது.

இதை ஏன் இன்று வானொலியில் பேச வந்தேன் என்றால், போன மாதம் கோவிலில் ஏழு கறிச் சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், ஒரு தாயார், என்னிடம் கவலையோடு கேட்டார். "எங்க மக பொலிதிக் படிக்கணும்னு நிக்கிறா. கட்சியில சேர்ந்துடுவாளோ?" நம் வீடுகளில் அரசியலைக் குறிக்கும் 'பொலிதிக்' என்ற க்ரியோல் சொல்லுக்கே ஒரு கெட்ட வாசனை ஏறிவிட்டது. கொடி கட்டுவது, மேடையில் கத்துவது, ஆள் பிடித்து வேலை வாங்குவது எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். அந்த அம்மாவிடம் பந்தியில் முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை. ரசம் வந்துவிட்டது. அதனால் இங்கே சொல்கிறேன்.

ரெதுயியில் உள்ள நம் மொரீசியஸ் பல்கலைக்கழகத்தில் படித்தாலும் சரி, வெளிநாட்டுக்குப் போய்ப் படித்தாலும் சரி, இளங்கலை அளவில் இந்தப் படிப்பின் எலும்புக்கூடு ஏறக்குறைய ஒன்றுதான். அரசியல் சிந்தனை ஒரு பகுதி. அரசியலமைப்பும் ஆட்சி நிறுவனங்களும் ஒரு பகுதி. நாடுகளை ஒப்பிட்டுப் படிப்பது இன்னொன்று. அப்புறம் பன்னாட்டு உறவுகள், பொது நிர்வாகம், ஆய்வு முறைகள். கடைசி ஆண்டில் மாணவர் தானே ஒரு தலைப்பை எடுத்து ஆய்வேடு எழுத வேண்டும். பெயர்களைக் கேட்டால் வறட்சியாகத்தான் இருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று ஓர் உதாரணம் காட்டுகிறேன்.

தேர்தல் முறைகளைப் பற்றிய பாடம். வகுப்பில் முப்பது பேர். நோட்டுப் புத்தகத் தாளைக் கிழித்து வாக்குச் சீட்டு செய்வோம். இரண்டு கட்சிகள்: லிச்சிக் கட்சி, மாம்பழக் கட்சி. ஒவ்வொன்றுக்கும் மூன்று வேட்பாளர்கள். நம் நாட்டுத் தொகுதியில் இருப்பதுபோலவே ஒவ்வொருவரும் கட்டாயம் மூன்று பேருக்கு வாக்குப் போட வேண்டும். ஒன்று குறைந்தாலும் கூடினாலும் சீட்டு செல்லாது. எண்ணுகிறோம். பதினெட்டுப் பேர் லிச்சிக்கும் பன்னிரண்டு பேர் மாம்பழத்துக்கும் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிவு என்ன? மூன்று இடமும் லிச்சிக்கு. மாம்பழத்துக்குப் பூஜ்யம். பன்னிரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். வகுப்பில் ஐந்தில் இரண்டு பங்கு அவர்கள். கையில் ஒரு இடம்கூட இல்லை.

இப்போது இதே மாதிரி இருபது வகுப்பறைகள் என்று கற்பனை செய்யச் சொல்வேன். பிரதான தீவில் நமக்கு இருபது தொகுதிகள், தொகுதிக்கு மூன்று பேர். கணக்குப் போட்டு முடிப்பதற்குள் பின் வரிசையிலிருந்து யாராவது "அறுபதுக்குப் பூஜ்யம்!" என்று கத்திவிடுவார்கள். ஆமாம். 1982இல் அதுதான் நடந்தது. 1995இல் மறுபடி நடந்தது. 2024 நவம்பரில் மூன்றாவது முறை நடந்தது. மூன்று முறையும் வென்ற அணிக்குக் கிடைத்த வாக்கு நூற்றுக்கு அறுபதுக்கு மேல், எழுபதுக்குள்தான். பிரதான தீவின் இடங்களோ நூற்றுக்கு நூறு.

அதே கிழிந்த சீட்டுகளை விகிதாசார முறையில், அதாவது வாக்கின் பங்குக்கு ஏற்ப இடம் கொடுக்கும் முறையில், மறுபடி எண்ணச் சொல்வேன். அறுபது இடத்தில் லிச்சிக்கு 36, மாம்பழத்துக்கு 24. ஒரு வாக்குகூட மாறவில்லை. எண்ணும் விதிதான் மாறியது. பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த நேரம் அது. மக்கள் தீர்ப்பு என்று நாம் சொல்வதில் மக்களுக்கு எவ்வளவு பங்கு, விதிக்கு எவ்வளவு பங்கு என்று அப்போதுதான் அவர்களுக்கு முதல் முறையாகத் தோன்றும்.

உடனே எல்லாரும் விகிதாசார முறைக்குத் தாவிவிடுவார்கள். அங்கேயும் விட மாட்டேன். அந்த முறையில் கட்சி கொடுக்கும் பட்டியலில் யார் பெயர் மேலே வரும் என்று முடிவு செய்வது யார்? கட்சித் தலைவர். பெரும்பான்மை இல்லாமல் நாலு கட்சி சேர்ந்து ஆட்சி அமைத்தால் அது எத்தனை நாள் நிற்கும்? தென்னாப்பிரிக்க நீதிபதி ஆல்பி சாக்ஸ் தலைமையில் அமைந்த ஆணையம், இருக்கிற முறையோடு 30 விகிதாசார இடங்களைச் சேர்க்கலாம் என்று 2002இலேயே பரிந்துரைத்தது. அது சட்டமாகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதே ஒரு பருவத்துக்குப் போதுமான பாடம். இருக்கிற விதியால் வென்றவர்கள்தானே அந்த விதியை மாற்ற வேண்டும்?

இதற்கடுத்து வருவது 'பெஸ்ட் லூசர்' முறை. இதில் வகுப்பு சூடேறிவிடும். தேர்தலில் பிரதான தீவின் அறுபது பேரும் ரொட்ரிக்ஸ் தீவின் இரண்டு பேருமாக 62 பேர் தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகு, தோற்றவர்களில் அதிகம் வாக்கு வாங்கியவர்களிலிருந்து எட்டுப் பேர் வரை சபைக்குள் வரலாம். எந்தச் சமூகத்துக்குப் பிரதிநிதித்துவம் குறைவு என்று பார்த்துத்தான் இடம். அரசியலமைப்பு நான்கு சமூகங்களைச் சொல்கிறது: இந்து, முஸ்லிம், சீன மொரீசியர், இந்த மூன்றிலும் சேராத எல்லாரையும் உள்ளடக்கிய பொது மக்கள்தொகை. எந்தச் சமூகம் எவ்வளவு பேர் என்று தெரிய வேண்டுமே? அதற்கு இன்னும் 1972ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குதான். அதன் பிறகு எடுத்த கணக்கெடுப்புகளில் சமூகம் பற்றிய கேள்வியே கிடையாது.

நம் பிள்ளைகள் உடனே கேட்பார்கள்: "தமிழர் எங்கே?" இந்துப் பிரிவுக்குள் என்று சொல்வேன். சிலருக்கு அது இயல்பு, சிலருக்கு அது உறுத்தல். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் சிறுபான்மையினர் சபையில் காணாமல் போயிருப்பார்கள், 1968இல் நாடு அமைதியாகத் தொடங்கியதில் இதற்கும் பங்கு உண்டு என்று ஒரு மாணவி வாதாடுவாள். என் பாட்டி ஒரு மதம், தாத்தா ஒரு மதம், நான் எந்தக் கட்டத்தில் என்னை அடைப்பது என்று இன்னொருவன் எழுந்து நிற்பான். வேட்பாளர் தன் சமூகத்தை அறிவித்தே ஆக வேண்டும் என்ற விதி உரிமை மீறல் என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2012இல் கருத்துச் சொன்னது. அந்த ஆவணத்தையும் வாசிக்கிறோம், அரசியலமைப்பின் அட்டவணையையும் வாசிக்கிறோம். எது சரி என்று நான் சொல்வதில்லை. எதிர்த்தரப்பின் வாதத்தை அவர்களே ஏற்றுக்கொள்ளும்படி எழுதிக் காட்டிவிட்டு, அதன் பிறகு உன் வாதத்தை எழுது என்பேன். இந்தப் பயிற்சிக்காகவே நம் வீட்டுப் பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சிந்தனைப் பகுதியில் பிளேட்டோ, அரிஸ்டாட்டில் தொடங்கி ஹாப்ஸ், லாக், ரூசோ, மில் என்று போகும். பெயர் மனப்பாடம் செய்தால் ஒன்றும் கிடைக்காது. 1651இல் ஹாப்ஸ் தன் பெரிய நூலை வெளியிட்டபோது இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் ரத்தம் சிந்தி ஓய்ந்திருந்தது, அரசனின் தலையே வெட்டப்பட்டிருந்தது என்று தெரிந்தால்தான் அவர் ஏன் பாதுகாப்புக்காக இவ்வளவு அதிகாரத்தை ஓரிடத்தில் குவிக்கச் சம்மதிக்கிறார் என்று புரியும்.

ஒப்பிட்டுப் படிப்பதற்கு நான் நம் பக்கத்து உதாரணம் ஒன்றும் வைத்திருக்கிறேன். உத்திரமேரூர்க் கல்வெட்டு. முதலாம் பராந்தக சோழன் காலம். ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுக்கப் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரமறியாச் சிறுவன் ஒருவனை விட்டு எடுக்கச் சொல்கிறது. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரும், அவர் நெருங்கிய உறவினர் பெயரும் குடத்துக்குள் போகக் கூடாது. பிள்ளைகள் கைதட்டுவார்கள். பெருமைப்படட்டும், எனக்கும் பெருமைதான். பிறகு கேட்பேன்: யார் யார் பெயர் அந்தக் குடத்துக்குள் போயிருக்கும்? நிலமும் சொந்த மனையும் வேதப் படிப்பும் உள்ள, 35 வயதுக்கு மேல் 70க்குள் இருந்த ஆண்கள். வயலில் உழைத்தவர் ஓலை இல்லை, பெண்கள் ஓலை இல்லை. நம் முன்னோர் விஷயத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்குகிறவர், நாளைக்கு அமைச்சரிடமும் கேட்கத் தயங்குவார்.

பன்னாட்டு உறவுக்கு சாகோஸ் தீவுகளை விட நெருக்கமான பாடம் நமக்கு வேறு எது? 1965இல் பிரிட்டன் அதை நம்மிடமிருந்து பிரித்தது. 2019 பிப்ரவரியில் பன்னாட்டு நீதிமன்றம், அந்தப் பிரிப்பு சட்டப்படி முறையாக நடக்கவில்லை என்று ஆலோசனைக் கருத்து வழங்கியது. வகுப்பைப் பாதியாகப் பிரித்து ஒரு பாதியை பிரிட்டன் தரப்பில் உட்கார வைப்பேன். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் போவார்கள். வாதம் முடிந்ததும் ஒரு கேள்வி: இவ்வளவு நேரம் இரண்டு அரசுகளும் பேசினீர்களே, தீவை விட்டுக் கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்ட மக்களில் யாராவது இந்த மேசையில் உட்கார்ந்திருந்தார்களா?

படித்தால் வேலை கிடைக்குமா என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க மாட்டேன். அரசுப் பணி, வெளியுறவுத் துறை, பத்திரிகை, ஆசிரியப் பணி, தொண்டு நிறுவனங்கள், மேலே சட்டம் என்று பாதைகள் உண்டு. மருத்துவம் மாதிரி நேர்ச்சாலை கிடையாது. மொழி நன்றாக வேண்டும், புள்ளியியலுக்குப் பயப்படக் கூடாது. இரண்டும் இருக்கிற பிள்ளைகள் நிலைத்துவிடுகிறார்கள்.

ஆய்வு முறைகள் என்ற பாடத்தைத்தான் பிள்ளைகள் அதிகம் வெறுப்பார்கள். கேள்வித்தாள் தயாரிப்பது, மாதிரி எடுப்பது, பெரியவர்களைப் பேட்டி காண்பது, ஆவணக் காப்பகத்தில் தூசியில் உட்காருவது. என் ஆரம்ப காலத்தில் ஒரு மாணவி, 1948 தேர்தலைத் தன் ஆய்வேட்டுக்கு எடுத்தாள். அதற்கு முன் சொத்தும் வருமானமும் உள்ளவருக்குத்தான் வாக்கு. தீவு முழுவதும் சுமார் பன்னிரண்டாயிரம் பேர். புதிய சட்டம், இங்கே வழங்கும் மொழிகளில் ஏதாவது ஒன்றில் எளிய வாக்கியம் எழுதப் படிக்கத் தெரிந்தால் வாக்குண்டு என்றது. அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. வாக்காளர் எண்ணிக்கை எழுபதாயிரத்தைத் தாண்டியது. கரும்புத் தோட்ட முகாம்களில் பகல் முழுக்க வெட்டிவிட்டு வந்தவர்கள், ராத்திரியில் விளக்கை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டினார்கள்.

அவளுடைய கொள்ளுத்தாத்தா அப்படிக் கற்றவர்களில் ஒருவர். பரணில் ஒரு தகரப் பெட்டியில் அவருடைய நோட்டு கிடந்தது. ஆய்வேட்டின் கடைசியில் அதன் ஒரு பக்கத்தைப் படமெடுத்து ஒட்டியிருந்தாள். மேலிருந்து கீழ் வரை அவர் தன் பெயரையே எழுதியிருந்தார். முதல் வரிகளில் எழுத்து கோணிக்கொண்டு கோட்டுக்குக் கீழே சரிந்திருந்தது. பாதிப் பக்கத்துக்கு அப்புறம் நேராகிவிட்டது. கடைசி வரியில் பெயருக்குப் பக்கத்தில், வேறு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாத ஒரு வாக்கியம் இருந்தது: "இது நான் எழுதினது."