சிறைக்காவலர் கண்ணில் படவேண்டியவை

நேயர்களுக்கு வணக்கம்.

சீருடைப் பணியாளர் தேர்வெழுதி, இரண்டாம் நிலைச் சிறைக்காவலராகத் தேர்வாகியிருக்கும் தம்பி தங்கைகளை மனத்தில் வைத்தே இன்று பேசுகிறேன். காவலர், தீயணைப்பாளர் பணிகளுக்கும் அதே தேர்வுதான் என்பதால், சிறையிலும் போலீஸ் வேலைதான் என்று நினைத்துப் பலர் வருகிறார்கள். ஆனால் கைதிகள் தங்கும் தொகுதிக்குள் துப்பாக்கி எடுத்துச் செல்வதில்லை. கையில் லத்தி, விசில், சாவிக்கொத்து. எதிரே பெரிய கூட்டம். ஆறு கைதிகளுக்கு ஒரு காவலர் என்கிறது 2016ஆம் ஆண்டின் மாதிரிச் சிறைக் கையேடு. அவ்வளவு ஆள் பெரும்பாலும் கிடைப்பதில்லை. கண்ணும் காதும்தான் அந்தக் குறையை ஈடுகட்ட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை கணக்கு. காலையில் திறக்கும்போது எண்ண வேண்டும், மாலையில் லாக்கப் போடும்போதும் எண்ண வேண்டும். காலை இருப்போடு புதிதாக வந்தவர்களைக் கூட்டி, விடுதலையானவர்களையும் கோர்ட்டுக்கும் வெளி மருத்துவமனைக்கும் போனவர்களையும் கழித்தால் வரும் எண்ணும், கண்முன்னே இருக்கும் தலைகளும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டிரண்டு பேராக வரிசையில் உட்காரவைத்து எண்ணுங்கள். நடமாட்டம் இருந்தால் ஒருவரையே இரண்டு முறை எண்ணிவிடுவீர்கள். கணக்கு பெரும்பாலும் இடிப்பது சமையற்கூடத்திலும் சிறை மருத்துவமனையிலும்தான். அங்கே போனவர் எந்தத் தொகுதிக் கணக்கில் இருக்கிறார் என்பதில் குழப்பம் வரும். இரவில் போர்வையை எண்ணக் கூடாது. மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்தவருக்கு நகர வேண்டும். பூட்டைப் பூட்டியதும் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். ஜன்னல் கம்பிகளை லத்தியால் தட்டுங்கள். முழுக்கம்பி கணீரென்று ஒலிக்கும். அறுபட்ட கம்பியின் சத்தம் மந்தமாக இருக்கும். ரோந்து நேரம் தினம் மாற வேண்டும். ஒரே நேரத்துக்குப் போனால், உள்ளே இருப்பவர்கள் அதை இரண்டே நாளில் தெரிந்துகொள்வார்கள்.

வாசலில் வெளிக்கதவும் உள்கதவும் ஒரே சமயத்தில் திறந்திருக்கக் கூடாது. மாலையில் கோர்ட் வண்டிகள் அடுத்தடுத்து வந்து நிற்கும்போதுதான் இந்த விதி தளரும்.

புதிதாக வருபவரின் வாரன்ட்டில் பெயர், தந்தை பெயர், சட்டப்பிரிவு, காவல் முடியும் தேதி, நீதிபதியின் கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள்; இனிஷியல் ஓரெழுத்து மாறினால் விடுதலை உத்தரவு வேறொருவருக்குப் போய்விடும். ஆகவே உடலிலுள்ள அடையாளங்களையும் ஒப்பிடாமல் யாரையும் வெளியே அனுப்பக் கூடாது. வேறு வழக்கில் பி.டி. வாரன்ட், அதாவது சிறையிலிருப்பவரை நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தச் சொல்லும் உத்தரவு, இருக்கிறதா என்பதும் அப்போதே பார்க்க வேண்டியது. உள்ளே வருபவர் உடலில் காயம் இருந்தால் மருத்துவர் பார்த்து உடனே பதிவு செய்ய வேண்டும். அன்றைக்கு எழுதாமல் விட்ட காயம், மறுநாள் சிறைக்குள் ஏற்பட்டதாகிவிடும்.

அடுத்து நான் சொல்லப்போவதை உயிர்ப் பிரச்சினையாக எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தும்போது, சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்க்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், பிதற்றுவார். இதை "நடிக்கிறான்" என்று ஒதுக்கினால் ஆள் செத்துப்போவார். உடனே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். வந்த முதல் சில நாட்களில் தற்கொலை ஆபத்தும் அதிகம். அப்படிப்பட்டவரைத் தனி அறையில் போடாதீர்கள். பேச்சுத்துணை உள்ள இடத்தில் வையுங்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஜாமீன் தள்ளுபடியான நாள், மனு பார்க்க, அதாவது கைதியைச் சந்தித்துப் பேச, வீட்டிலிருந்து யாரும் வராத நாள், தட்டில் சோறு அப்படியே மீந்த நாள் ஆகியவற்றை அடுத்த ஷிஃப்டுக்கு வருபவரிடம் வாயால் சொல்லுங்கள், பதிவேட்டிலும் எழுதுங்கள்.

விசாரணைக் கைதிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவின்படி, குற்றத்துக்குரிய உச்ச தண்டனையில் பாதிக் காலத்தை உள்ளே கழித்தவரை ஜாமீனில் விட வேண்டும். முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. வேறு வழக்குகளும் நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை கிடைக்காது. அந்தக் காலம் முடிந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டிய பொறுப்பு சிறைக் கண்காணிப்பாளருடையது. ஆனால் வக்கீலும் இல்லாமல், எழுதப் படிக்கவும் தெரியாமல், தொகுதி மூலையில் ஒருவர் உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்ப்பது நீங்கள்தான். அவருடைய கைதி எண், காவலில் வந்த தேதி, சட்டப்பிரிவு மூன்றையும் ஒரு சீட்டில் குறித்து நல அலுவலரிடம் கொடுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலிருந்து வழக்கறிஞர் வரும் நாளில், அந்தக் கைதியை முன்வரிசையில் உட்காரவையுங்கள்.

நன்றி, வணக்கம்.