நாப்பி கவர் தைக்கப் போய் மெஷினோடு மல்லுக்கு நின்ற கதை

வணக்கம். பின்னால் கிடக்கும் துணிக்குவியலைக் கண்டுகொள்ளாதீர்கள், அது எப்போதும் அங்கேதான் இருக்கும். இன்றைக்கு எனக்குக் கோபமும் சந்தோஷமும் ஒன்றாக வந்திருக்கின்றன. கோபத்தை முதலில் கொட்டிவிடுகிறேன்.

நான் இருப்பது திருப்பூர். எந்தத் தெருவில் நடந்தாலும் ஓவர்லாக் தையல் மெஷின் சத்தம் கேட்கும். காதர்பேட்டைக்குப் போனால் பனியன் துணி கிலோக் கணக்கில் கிடைக்கும். பாப்பாவின் நாப்பி எல்லாம் கட்டிங் வேஸ்ட்டில் தைத்தவைதான், அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட ஊரில், நாப்பிக்கு மேலே போடும் கவருக்கு ஈரம் கசியாத துணி வேண்டும் என்று கேட்டால், கடையில் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். "அதெல்லாம் ஆர்டர் கொடுத்தால்தான் வரும் அம்மிணி, ரோலாக எடுத்துக்கொள்கிறாயா?" என்கிறார் ஒருவர். ஒரு பாப்பாவுக்கு ஒரு ரோலா? அவள் கல்லூரிக்குப் போகும் வரை நாப்பியா கட்டப் போகிறாள்?

கடைசியில் இணையத்தில்தான் வாங்கினேன். அரை மீட்டர் 290 ரூபாய். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கூரியருக்கு 110 ரூபாய்! வந்த பொட்டலத்தைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 150 கிராம்கூட இல்லை. நூற்றுப் பத்து ரூபாய்க்கு நானே பஸ் ஏறிக் கோயம்புத்தூர் போய்த் திரும்பியிருப்பேன், நடுவில் ஒரு காபியும் குடித்திருப்பேன். அதிலும் சுருட்டி அனுப்பாமல் அழுத்தி மடித்து அனுப்பியிருக்கிறார்கள். இதோ, இந்தத் தடம் தெரிகிறதா? இஸ்திரி போட்டு எடுக்கவும் முடியாது. சூடான பெட்டி இந்தப் பளபளப்பான பக்கத்தில் பட்டால் படலம் உருகிவிடும்.

என்ன துணி என்று சொல்லவே இல்லையே. பி.யு.எல். என்பார்கள். ஒரு பக்கம் பாலியஸ்டர் பின்னல் துணி, மறுபக்கம் மெல்லிய பாலியூரிதேன் படலம், இரண்டையும் சேர்த்து ஒட்டியிருப்பார்கள். தண்ணீர் தாண்டாது, ஆனால் ஆவி கொஞ்சம் வெளியேறும். தொட்டால் துணி மாதிரியே வளைந்து கொடுக்கும். நாங்கள் சிறுபிள்ளையாக இருந்தபோது மொடமொடவென்று ஒரு பிளாஸ்டிக் ஜட்டி விற்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? அதை எனக்குப் பார்க்கவே பிடிக்காது. காற்றே போகாது, தொடையிடுக்கு சிவந்து போகும். இப்போதும் யாராவது அதைப் பரிசாகக் கொண்டுவந்தால் வாங்கி நேராகப் பரணில் போட்டுவிடுவேன்.

குளியலறைத் திரையை வெட்டித் தைக்கலாமா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். சிரிக்க வேண்டாம், நாப்பி கவரின் சரித்திரத்திலேயே அது இருக்கிறது. அமெரிக்காவில் மரியன் டானவன் என்ற பெண்மணி, 1946-இல் தன் வீட்டுக் குளியலறைத் திரையை வெட்டித் தையல் மெஷினில் வைத்து நாப்பி கவர் தைத்தார். பிறகு நைலான் பாராசூட் துணிக்கு மாறினார், ஊக்குக்குப் பதிலாகப் பிரஸ் பட்டன் வைத்தார். தயாரிப்பாளர்கள் யாரும் சீண்டவில்லை என்று தானே செய்து விற்றார். 1949-இல் நியூயார்க்கின் பெரிய கடையான சாக்ஸ் ஃபிஃப்த் அவென்யூவில் அது வந்துவிட்டது. 1951-இல் காப்புரிமை கிடைத்தது, உரிமையைப் பத்து லட்சம் டாலருக்கு விற்றார். எனக்குக் கூரியர் காசு வந்தால் போதும். திரைத் துணி மட்டும் வேண்டாம், விறைப்பாக இருக்கும், சீக்கிரம் வெடித்தும் போகும்.

சரி, தையலுக்கு வருகிறேன். கவர் ஒழுகினால் எல்லாரும் துணியைத் திட்டுகிறார்கள். துணி பாவம். ஈரம் வெளியே வருவது ஓரம் வழியாகவும் ஊசி ஓட்டை வழியாகவும்தான். கவரில் படலப் பக்கம்தான் உள்ளே, நாப்பியைப் பார்த்து இருக்கும். கால் பக்க ஓரத்தை உள்ளே மடித்தால், வெளியே இருந்த பின்னல் பக்கம் ஈரமான நாப்பியைத் தொடும். தொட்டால் ஈரத்தை இழுத்துக்கொண்டுபோய் வெளியே விட்டுவிடும். ஆகவே நான் வெளிப்பக்கம் மடிக்கிறேன். காலைச் சுற்றிப் பளபளவென்று ஒரு கோடு தெரியும். எனக்கு அது அழகாகவே இருக்கிறது. அத்தைக்குத்தான் ஆகவில்லை. "துணியைத் திருப்பித் தைத்துவிட்டாயா கண்ணு?" என்று வருகிறவர்கள் முன்னால் கேட்கிறார்.

வெளியே மடித்தால் படலம் மேலே வந்துவிடும் அல்லவா, அங்கேதான் மெஷின் சண்டித்தனம் ஆரம்பித்தது. ஃபுட், அதாவது துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதம், அதன் அடியில் துணி பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது. ஊசி ஒரே இடத்தில் குத்துகிறது. குத்திய இடமெல்லாம் ஓட்டை, ஓட்டையெல்லாம் ஒழுக்கு. இதற்கென்றே துணி ஒட்டாத டெஃப்லான் ஃபுட் இருக்கிறதாம், விலை 350 ரூபாய். கவருக்குத் துணி வாங்கியதைவிட அதிகம்! கொடுக்கவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். கேக் தட்டில் போடுகிற பட்டர் பேப்பர் இருந்தது. ஒரு விரல் அகலத்துக்குக் கீற்றாக வெட்டி, ஓரத்தின் மேல் வைத்து, பேப்பரோடு சேர்த்துத் தைத்தேன். வழுக்கிக்கொண்டு ஓடியது! தைத்து முடித்ததும் பேப்பரை இழுத்தால் தையல் வரியில் தானாகக் கிழிந்து வருகிறது. அந்தக் கிழிசல் சத்தம் இருக்கிறதே, இன்னொரு முறை காட்டுகிறேன், கேளுங்கள். ஆகா. 350 ரூபாய் மிச்சம்.

நூல்! நூலைச் சொல்ல மறந்துவிட்டேன், அதுதான் முக்கியம். பருத்தி நூல் கூடவே கூடாது, ஈரத்தைக் குடித்து ஓட்டை வழியாக வெளியே கடத்தும். பாலியஸ்டர் நூல் போடுங்கள். ஊசி 11-ஆம் நம்பர், முனை மழுங்கிய பால் பாயிண்ட் ஊசி. தையல் நீளம் 3 மில்லிமீட்டர், நெருக்கித் தைத்தால் துணி அஞ்சல்தலை மாதிரி கிழிந்துவிடும். குண்டூசி குத்த வேண்டாம், நான் கொடியில் மாட்டும் கிளிப்பைப் போட்டுத்தான் பிடித்திருக்கிறேன்.

கால் பக்க மடிப்பில் வைக்கும் எலாஸ்டிக்கை அந்த மடிப்பின் நீளத்தில் பாதிக்கும் சற்று அதிகமாக வெட்டுங்கள். போட்டபின் தொடைப் பக்கம் ஒரு விரல் நுழைய வேண்டும். கவரின் அகலமோ, உள்ளே இருக்கும் நாப்பியைவிட இரண்டு பக்கமும் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும், நாப்பியின் நுனி வெளியே எட்டிப் பார்த்தால் நான் இதுவரை சொன்ன எதுவும் உதவாது.

இடுப்பில் வெல்க்ரோ வைக்கலாமே என்று கேட்காதீர்கள். வெல்க்ரோவை நான் வெறுக்கிறேன். பஞ்சும் முடியும் போய் அடைத்துக்கொள்ளும், துவைக்கும்போது மற்ற துணியைக் கடித்து வைக்கும், பாப்பா பர்ரென்று பிய்த்துவிட்டுச் சிரிப்பாள். பிரஸ் பட்டன்தான். பட்டன் வரும் இடத்துக்குப் பின்னால் ஒரு சின்னத் துணித்துண்டு வைத்து அடியுங்கள், இல்லையென்றால் இழுக்க இழுக்கப் படலம் பிய்ந்துவிடும்.

நேற்று ராத்திரி உள்ளே இரட்டை நாப்பி வைத்து, மேலே இதைப் போட்டுப் படுக்க வைத்தேன். விடிந்து பார்த்தால் பாய் காய்ந்து கிடக்கிறது! அத்தை பாயைத் தடவிப் பார்த்தார், பிறகு பாப்பாவைத் தூக்கிப் பார்த்தார், பளபளக் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி நடுவில் ஒரு தடவை நாப்பி மாற்றினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், கவர் போட்டுவிட்டோம் என்று ஈரத்திலேயே விட்டுவிடாதீர்கள்.

துவைக்கச் சாதாரண சோப்புத்தூள் போதும். துணி மென்மையாக்கும் திரவம் ஊற்ற வேண்டாம், கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், நிழலில் காயப் போடுங்கள். அளவுத் தாளை அடுத்த வீடியோவில் தரையில் விரித்துக் காட்டுகிறேன், ஐந்து கிலோ பாப்பாவுக்கு ஒன்று, ஒன்பது கிலோவுக்கு ஒன்று. மின்சாரம் போவதற்குள் மிச்சத் துணியில் இன்னொன்றை வெட்டிவிட வேண்டும், வருகிறேன்.